மச்சம் இல்லாத மேரிகள்

(மூன்றாமாண்டு மின்னியல் மாணவன், கண்டாச்சிபுரம்)



ஆண்டு மலர் எப்படி இருக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். முன்னால் வாழ்த்துரைகள், நடுவில் 'அம்மா' என்ற தலைப்பில் ஏழெட்டுக் கவிதைகள், கடைசியில் கேண்டீன் வடையைக் கிண்டல் பண்ணி ஒரு துணுக்கு. இதற்கு இடையில் 1955-ஆம் வருஷத்துக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பற்றி ஒருவன் எழுத வந்தால், "ஏன்டா, உனக்கு வேற சப்ஜெக்டே கிடைக்கலையா?" என்று கேட்கத் தோன்றும். என் ரூம்மேட் கேட்டே விட்டான். அவனுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். அந்தப் படம் ஒரு 'ஆட்கள் தேவை' விளம்பரத்தில் இருந்து கிளம்புகிறது. டிப்ளமோ படிக்கிறவன் பேப்பரில் முதலில் தேடுகிற பக்கம் எது? அதேதான்!

படத்தின் பெயர் தெலுங்கில் 'மிஸ்ஸம்மா', தமிழில் 'மிஸ்ஸியம்மா'. எங்கள் வீட்டில் இந்தப் பெயர் சினிமாவுக்கு முன்னாலேயே புழக்கத்தில் இருந்தது. எங்க ஆயா சின்ன வயசில் கண்ட மிஷன் பள்ளி டீச்சரம்மாக்களை இன்றைக்கும் 'மிஸ்ஸியம்மா' என்றுதான் சொல்லும். எங்கள் கண்டாச்சிபுரம் விழுப்புரத்தில் இருந்து திருவண்ணாமலை போகிற ரோட்டில் இருக்கிறது. திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளி உண்டு. அந்தக் காலத்தில் மிஷன் பள்ளிகளில் பாடம் சொன்ன வெள்ளைக்காரப் பெண்களுக்கு ஊர்ஜனம் வைத்த பேர் அது. 'மிஸ்' என்ற இங்கிலீஷோடு 'அம்மா' என்ற மரியாதையையும் ஒட்ட வைத்துக் கூப்பிட்டார்கள். அப்புறம் நம்மூர்க் கிறிஸ்தவ டீச்சர்களுக்கும் அதே பேர் வந்து சேர்ந்தது. ஆக, படத்தின் தலைப்பிலேயே பாதி வெளிநாடு, பாதி உள்ளூர்!

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். கிராமத்தில் ஒரு ஜமீன்தார். அவருடைய மூத்த மகள் சின்னக் குழந்தையாக இருக்கும்போதே காணாமல் போய்விட்டாள். அவள் ஞாபகமாக ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறார். அதற்கு வாத்தியார் வேண்டும். ஆனால் கண்டிஷன் என்ன தெரியுமா? புருஷனும் பெண்சாதியுமாக வர வேண்டும், இரண்டு பேரும் பட்டதாரியாக இருக்க வேண்டும். சென்னையில் வேலையில்லாமல் அலைகிற பாலு ஒரு பக்கம். கடன் கொடுத்தவன் 'என்னைக் கட்டிக்கொள்' என்று நச்சரிக்க, அதில் இருந்து தப்பிக்க ஒரு வேலை கிடைக்காதா என்று தவிக்கிற கிறிஸ்தவப் பெண் மேரி இன்னொரு பக்கம். இரண்டு பேருக்கும் பட்டம் இருக்கிறது, கல்யாணம்தான் ஆகவில்லை. "சரி, ஆனதாகச் சொல்லிக்கொள்வோம்" என்று முடிவு பண்ணி மூட்டை கட்டி விடுகிறார்கள். கூட வேலைக்காரன் மாதிரி ஒருத்தன் வேறு ஒட்டிக்கொள்கிறான்.

அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? ஜமீன்தார் வீட்டார் அவர்களைத் தம்பதிகள் என்று நம்பி விழுந்து விழுந்து உபசரிக்கிறார்கள். மேரி தன் மதத்தையும் மறைத்து, சண்டையையும் மறைத்துக் குடும்பப் பெண்ணாக நடிக்க வேண்டும். பாலுவுக்குப் பொய் தண்ணீர் பட்ட பாடு, மேரிக்கோ ஒவ்வொரு பொய்யும் தொண்டையில் முள். ஜமீன்தாரின் இளைய மகளுக்குப் பாலு பாட்டுச் சொல்லிக் கொடுத்தால் மேரிக்குப் பொறாமை வருகிறது. ஏன் வருகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. இதற்கிடையே அந்த வீட்டு மருமகப் பிள்ளை, தன்னை ஒரு பெரிய துப்பறியும் நிபுணன் என்று நினைத்துக்கொண்டு, காணாமல் போன பெண்ணைத் தேடிக்கொண்டே இருக்கிறான். கடைசியில் காலில் இருக்கும் மச்சத்தை வைத்து உண்மை வெளியாகிறது. மேரிதான் அந்தக் காணாமல் போன மகள்! பொய்யாகப் பெண்ணாக வந்தவள் நிஜமாகவே பெண். பொய்யாகப் புருஷனாக வந்தவன் நிஜமாகவே மருமகன். சுபம்.

என் ரூம்மேட் திருத்தணிப் பக்கம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். அதனால் எங்கள் ரூமில் ஒரு வாரம் இந்திய–பாகிஸ்தான் மேட்ச் மாதிரி சண்டை. அவன் தெலுங்குப் படம்தான் ஒரிஜினல் என்பான். நான், இரண்டும் ஒரே சமயத்தில் எடுத்ததுடா என்பேன். நான் சொன்னதுதான் சரி. நாகிரெட்டியும் சக்கரபாணியும் சேர்ந்து நடத்திய விஜயா நிறுவனம், எல்.வி. பிரசாத்தின் டைரக்ஷனில் இரண்டு மொழியிலும் சேர்த்தே எடுத்தது. 1955 ஜனவரியில் பொங்கலையொட்டி இரண்டும் வெளியாகின. தெலுங்கில் என்.டி. ராமாராவ், தமிழில் ஜெமினி கணேசன். துப்பறியும் மாப்பிள்ளையாகத் தெலுங்கில் ஏ. நாகேஸ்வர ராவ், தமிழில் தங்கவேலு. மேரியாகச் சாவித்திரி, தங்கையாக ஜமுனா, ஜமீன்தாராக எஸ்.வி. ரங்காராவ். இந்த மூன்று பேரும் இரண்டிலும் உண்டு. யோசித்துப் பாருங்கள், சாவித்திரி ஒரே கோபத்தை என்.டி.ஆரிடம் தெலுங்கிலும் ஜெமினியிடம் தமிழிலும் காட்டியிருக்கிறார். இரண்டிலும் அதே முறைப்பு. நமக்கு ஒரு வைவாவிலேயே நாக்கு குழறுகிறது!

ரூம்மேட்டும் விடவில்லை. 'தேவதாஸ்' படத்தில் குடித்து அழுது தெலுங்கு நாட்டையே அழவைத்த நாகேஸ்வர ராவ், அந்த அழுமூஞ்சிப் பேரை மாற்றத்தான் இதில் கோமாளித்தனமான வேஷத்தைப் போட்டார் என்று பாயிண்ட் எடுத்து விட்டான். நான் தங்கவேலுவை எடுத்து விட்டேன். தங்கவேலுவின் இழுவைக்கு முன்னால் அவனாலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. மேட்ச் டிரா.

இன்னொரு சங்கதி. கதையே தெலுங்குக் கதை இல்லை! இரண்டு வங்காளக் கதைகளில் இருந்து வந்தது. வேலைக்காகப் புருஷன் பெண்சாதியாக நடிக்கும் சமாசாரம் 'மன்மயி கேர்ள்ஸ் ஸ்கூல்' என்ற நாடகத்தில் இருந்து. துப்பறியும் பையன் 'டிடெக்டிவ்' என்ற கதையில் இருந்து. கல்கத்தாவில் பிறந்து, வடபழனியில் இரண்டு மொழி பேசி, 1957-இல் 'மிஸ் மேரி' என்ற பெயரில் இந்திக்கும் போயிற்று. அதில் மீனாகுமாரி மேரி, நம்ம ஜெமினி கணேசனே கதாநாயகன். ஆள்மாறாட்டக் கதைக்கு அதற்கேற்ற ஜாதகம்!

படத்துக்குள்ளே மட்டுமா ஆள்மாறாட்டம்? வெளியிலும் நடந்திருக்கிறது. முதலில் மேரியாக நடிக்க வந்தவர் பானுமதி. சில ரீல் படமும் எடுத்தாகி விட்டது. ஒருநாள் வீட்டில் வரலட்சுமி விரதம் என்று அவர் தாமதமாக வர, சக்கரபாணிக்கும் அவருக்கும் மனத்தாங்கல். பானுமதி விலகிக்கொண்டார். இரண்டாவது கதாநாயகியாக வந்திருந்த சாவித்திரிக்கு மேரி வேஷம் போயிற்று. சாவித்திரியின் வேஷம் ஜமுனாவுக்கு வந்தது. அந்த ஒரு மாற்றம் சாவித்திரியை எங்கே கொண்டுபோய் வைத்தது என்று 2018-இல் வந்த 'நடிகையர் திலகம்' பார்த்தவர்களுக்குத் தெரியும். டைரக்டர் பிரசாத்தும் லேசுப்பட்டவர் இல்லை. வேலை தேடி பம்பாய்க்குப் போய் அல்லாடி, கடைசியில் 1931-இல் இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா'விலும், தமிழ் பேசிய முதல் படமான 'காளிதாஸ்' படத்திலும், அதையடுத்துத் தெலுங்கின் முதல் பேசும் படமான 'பக்த பிரகலாதா'விலும் தலைகாட்டியவர். வேலையில்லாதவன் கதை அவருக்கு எங்கிருந்து தெரிந்தது என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

மின்னியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்லாமல் போனால் நம்ம டிபார்ட்மெண்டுக்குக் கெட்ட பேர். அந்தப் படத்தின் நிலா வெளிச்சத்தைப் பாருங்கள். கேமராமேன் மார்க்கஸ் பார்ட்லி. நிலா என்றால் பார்ட்லி நிலா என்று அந்தக் காலத்தில் பேர் வாங்கியவர். எல்லாம் ஸ்டூடியோ விளக்கு! நாம் லேபில் ஒரு டியூப்லைட் எரிய வைத்துவிட்டு ரெக்கார்டில் நாலு பக்கம் எழுதுகிறோம். அவர் கரண்டில் பௌர்ணமியே காட்டியிருக்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வேலைக்காகவோ கல்யாணத்துக்காகவோ ஒருவன் வேறொருவனாக நடிப்பது நம் சினிமாவில் தீராத சுரங்கம். 1964-இல் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில் முத்துராமன் கோடீஸ்வர அப்பாவாக வேஷம் போட்டு பாலையாவை ஏமாற்றினார். 1981-இல் பாலசந்தரின் 'தில்லு முல்லு'வில் ரஜினி, முதலாளி தேங்காய் சீனிவாசனுக்குப் பிடிக்க வேண்டும் என்று ஒரு மீசையை வைத்தே இரண்டு ஆளாக ஆனார். இது இந்தி 'கோல்மால்' படத்தின் தமிழ். எல்லாவற்றிலும் பாருங்கள், பொய் சொல்கிறவன் கெட்டவன் இல்லை. வேலை கொடுக்கிறவர் போடுகிற கண்டிஷன்தான் கோணலாக இருக்கிறது. பாடம் சொல்லிக் கொடுக்கத் தாலி எதற்கு? கணக்கு எழுத மீசை எதற்கு? கண்டிஷன் கோணலாக இருந்தால் ஆளும் வளைந்துதான் உள்ளே நுழைய வேண்டும். நாம் சிரிப்பது அந்த வளைவைப் பார்த்து.

சினிமாவில் சிரிக்கலாம். எனக்குத் தெரிந்த ஓர் அண்ணன் கதையைக் கேளுங்கள். நமக்கு ரெண்டு செட் சீனியர். ஊர், பேர் வேண்டாம். டிப்ளமோ முடித்துச் சென்னைக்கு வெளியே ஒரு கம்பெனியில் சேர்ந்தார். எங்கள் பக்கம் மல்லாட்டையும் கரும்பும்தானே, கம்பெனி வேலைக்கு ஊரை விட்டுப் போய்த்தான் ஆக வேண்டும். போனவருக்கு முதல் பிரச்சினை வீடு. 'ஃபேமிலிக்கு மட்டும்' என்று பாதி வீடு போயிற்று. மீதிப் பாதியில் "தம்பி பேர் என்ன? முழுப் பேரு?" என்று கேட்டதோடு போயிற்று. அவர் முழுப் பெயரைச் சொன்னாலே அவர் யார் என்று தெரிந்துவிடும். பதினேழு வீடு பார்த்தாராம். கடைசியில் புரோக்கர், "பேர்ல முன்பாதிய வுட்டுடு தம்பி. பின்பாதிய மட்டும் சொல்லு. அது எல்லாருக்கும் பொதுவான பேரு மாதிரிதான் இருக்கு" என்று யோசனை சொன்னார். சொன்னார், மாடி ரூம் கிடைத்தது.

பதினோரு மாசம் இருந்தார். கீழ் வீட்டு மோட்டார் ஸ்டார்ட்டர் ரிப்பேர், இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது, பத்தாவது படிக்கிற பையனுக்குக் கணக்கு எல்லாம் அண்ணன்தான். அந்த வீட்டம்மா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குழம்பு கொடுத்து அனுப்பும். "எனக்கு இன்னொரு புள்ள மாதிரிப்பா நீ" என்று சொல்லுமாம். ஒருநாள் இவர் ஷிப்டில் இருக்கும்போது பேங்க்கில் இருந்து ஏ.டி.எம். கார்டு கூரியரில் வந்தது. கவரில் முழுப் பேரும் அச்சாகி இருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியது வீட்டுக்காரர்.

சண்டை ஒன்றும் நடக்கவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. ஊர்ல இருந்து சொந்தக்காரங்க வர்றாங்க, ரூம் வேணும். அட்வான்ஸ் முழுசா இருக்கு, எண்ணிக்கங்க" என்றார் வீட்டுக்காரர். நேற்று வரைக்கும் 'டா' போட்டுக் கூப்பிட்டவர் அன்றைக்கு 'ங்க' போட்டாராம். அண்ணனுக்கு அந்த மரியாதைதான் தாங்கவில்லை. காலி பண்ணுகிற அன்றைக்கு அந்த வீட்டம்மா டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போனது, திரும்ப வெளியே வரவில்லை. அந்தப் பையன் மட்டும் இப்போதும் கணக்கில் சந்தேகம் வந்தால் போன் பண்ணுகிறானாம், வீட்டுக்குத் தெரியாமல்.

இதைக் கேட்டுவிட்டு வந்து மறுபடி 'மிஸ்ஸியம்மா' பார்த்தேன். சிரிப்பு வந்தது, ஆனால் கடைசி ரீலில் ஒரு கேள்வியும் வந்தது. மேரி வந்த நாளில் இருந்து பிள்ளைகளுக்கு நன்றாகப் பாடம் சொல்கிறாள். ஜமீன்தார் வீட்டார் அவளைச் சொந்தப் பெண்ணாகவே நினைத்துப் பாசம் காட்டுகிறார்கள். இதெல்லாம் மச்சம் தெரிவதற்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டது. அப்படியிருக்க, அவள் காலில் அந்த மச்சம் இல்லாமல் போயிருந்தால்? அவள் பிறந்ததும் வளர்ந்ததும் கிறிஸ்தவக் குடும்பத்தில்தான் என்று ஆகியிருந்தால்? அந்த ஜமீன்தார் என்ன சொல்லியிருப்பார்? 'நீ யாரா இருந்தா என்னம்மா, இந்தப் பள்ளிக்கூடம் உன்னுடையது' என்றிருப்பாரா? இல்லை, 'சொந்தக்காரங்க வர்றாங்க' என்றிருப்பாரா? படம் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. மச்சம் வந்து அதைக் காப்பாற்றி விட்டது. அந்த அண்ணனுக்கு மச்சம் இல்லை. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கும் கிடையாது.

இதை ரூம்மேட்டிடம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ சொல்றது ஜமீன்தாருக்குச் சரி. ஹீரோவ மறந்துட்டியே" என்றான். "அவனுக்கு ஆரம்பத்துல இருந்தே அவ மேரின்னு தெரியும். மதம் தெரியும், கடன் தெரியும், மூக்கு மேல வர்ற கோவமும் தெரியும். எல்லாம் தெரிஞ்சுதான் அவ மேல ஆசப்பட்டான். அவனுக்கு மச்சம் தேவப்படலயே?"

எனக்குப் பதில் வரவில்லை. அவன் சொன்னது சரிதான். அந்த வீட்டிலேயே பொய் சொல்லிக்கொண்டு திரிகிறவன் பாலு. ஆனால் மேரியை உள்ளபடி தெரிந்து வைத்திருந்தவனும் அவன் ஒருத்தன்தான். மற்றவர்கள் எல்லாம் உத்தமர்கள், ஆனால் அவர்களுக்கு அவளுடைய பேர்கூடச் சரியாகத் தெரியாது. எழுபது வருஷத்துக்கு முன்னால், ஒரு பிரசங்கமும் பண்ணாமல், ஒரு மதத்தையும் கேலி பண்ணாமல், மேரியை வளர்த்த கிறிஸ்தவத் தாய் தகப்பனையும் பாசமுள்ளவர்களாகக் காட்டி எடுத்த படம் அது. பாதிக் கேள்விக்கு அது பதில் சொல்லிவிட்டது. மீதிப் பாதியை நமக்கு விட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

நண்பர்களே, நம்ம மெஷின்ஸ் லேபை நினைத்துப் பாருங்கள். மோட்டாரின் நேம் பிளேட்டில் இத்தனை ஹார்ஸ் பவர், இத்தனை ஆம்பியர், இத்தனை வேகம் என்று கம்பெனிக்காரனே அடித்து அனுப்பியிருக்கிறான். அதைப் பார்த்து எழுதிக்கொண்டு நாம் வெளியே வந்துவிடுகிறோமா? இல்லையே! லோட் டெஸ்ட் போடுகிறோம். பிரேக் டிரம்மில் பெல்ட்டை இறுக்கி, தண்ணீர் ஊற்றி, கை சுட, ரீடிங் எடுத்து, எஃபிஷியன்சி கணக்குப் போட்ட பிறகுதான் சார் கையெழுத்துப் போடுகிறார். இரும்பும் செம்பும் சேர்ந்த ஒரு மோட்டாருக்கே இத்தனை நியாயம் வைத்திருக்கிறோம். மனுஷனுக்கு மட்டும் நேம் பிளேட் போதுமா? பதினோரு மாசம் லோடில் ஓடிக் காட்டிய ஆளை, ஒரு கூரியர் கவரைப் பார்த்து ஸ்கிராப்பில் போடலாமா?

இன்றைக்கு நாம் கண்டிஷனுக்கு உட்படுகிற பக்கம் நிற்கிறோம். அரியர் இல்லாமல் முடிக்க வேண்டும், அப்ரண்டிஸ் கிடைக்க வேண்டும், ரூம் கிடைக்க வேண்டும். இன்டர்வியூவில் "அப்பா என்ன பண்றார்? எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டால் அந்தக் கடைசிக் கேள்வி எதற்கு என்று நமக்குப் புரியும். ஆனால் எப்போதும் இந்தப் பக்கமே நிற்கப் போவதில்லை. பத்துப் பதினைந்து வருஷத்தில் நம்மில் ஒருத்தன் ஃபோர்மேன், ஒருத்தன் சூப்பர்வைசர், ஒருத்தன் சொந்த ஒர்க்ஷாப் முதலாளி. லோன் போட்டு வீடு கட்டி மாடி போர்ஷனை வாடகைக்கு விடுகிறவர்களும் நாம்தான். அப்போது ஒரு பையன் டிராவல் பேக்கோடு வந்து கேட்டுக்கு வெளியே நிற்பான். கரண்டு பில் யார் கட்டுவது, தண்ணீர் எப்போது வரும், வாடகை எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்று அவனிடம் தாராளமாகக் கேளுங்கள். பேரையும் கேளுங்கள், கூப்பிட வேண்டுமே! அதற்கு மேல் கேட்க நாக்கு எழுந்தால் அந்த அண்ணனின் எலுமிச்சை சாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

படத்தைப் பார்க்காதவர்கள் கட்டாயம் பாருங்கள். செமஸ்டர் லீவில் பார்த்தால் போதும், பரீட்சைக்கு முந்தின ராத்திரி வேண்டாம். தமிழில் பார்ப்பதா தெலுங்கில் பார்ப்பதா என்ற சந்தேகத்துக்கு மட்டும் எங்கள் ரூமுக்கு வராதீர்கள். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை!